ஊர் நாய் யாருடையது?

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலை வட்டாரங்களில் செம்மறி வளர்ப்பவர்கள் சில ஆண்டுகளாகவே விடியற்காலையில் பட்டிப் பக்கம் போகும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். இரவில் நாய்க் கூட்டம் உள்ளே புகுந்தால் ஒன்றிரண்டு ஆட்டைத் தின்றுவிட்டுப் போவதோடு நிற்பதில்லை. மிரண்டுபோய் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நிற்கும் ஆடுகளைத் தொண்டையிலும் அடிவயிற்றிலும் பின்னந்தொடையிலும் வரிசையாகக் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. செத்தவை போக, தொடை கிழிந்தும் குடல் சரிந்தும் உயிரோடு துடிப்பவை கிடக்கும். பல் படாத சினையாடுகள்கூட மிரட்சியில் குட்டி வீசிவிடும். நாய் கடித்த ஆட்டைக் கறிக்கடைக்காரர் தொடுவதில்லை. குழி தோண்டிப் புதைக்கும் செலவும் வளர்த்தவர் தலையில்தான். செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் மறியல் செய்த பிறகுதான் அரசு இழப்பீடு அறிவித்தது. இழப்பீடு வேண்டியதுதான், அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் ஆட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று ஊருக்கே தெரியும்போது, கடித்த நாய்க்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் அரசு கஜானாவிலிருந்து பணம் போகிறது.

காவிரிப் படுகையில் சங்கதி வேறு விதம். அங்கே சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக, ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்த தாளுக்கு நடுவே தை, மாசியில் பயறு தலைகாட்டும். தண்ணீர்ச் செலவில்லாமல், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் வைத்தே ஒரு குடும்பத்துக்குக் கையில் காசு கொடுக்கும் பயிர் அது. அதே நாள்களில்தான், "அறுப்பு முடிந்துவிட்டதே" என்று மாடுகளையும் ஆடுகளையும் அவிழ்த்துவிடும் பழைய வழக்கமும் நடக்கிறது. அறுவடைக்குப் பின் வயல் தரிசாகக் கிடந்த காலத்தில் அந்த வழக்கத்தில் தவறே இல்லை. மாடு மேய்ந்தது, சாணம் வயலுக்குக் கிடைத்தது. கிடை போட வரும் கீதாரிகளுக்கு நெல்லோ பணமோ கொடுத்து ஆட்டை வரவழைத்த காலமும் உண்டு. பயிர் மாறிவிட்டது, வழக்கம் மாறவில்லை. இரண்டு இலை விட்ட உளுந்துச் செடியின் கொழுந்தை ஆடு ஒரு தடவை கடித்தால் அந்தச் செடி போனதுதான். இங்கே ஆடு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்க முடிவதில்லை. கேட்டால் வாய்ச்சண்டை, அது முற்றினால் காவல் நிலையம், சில ஊர்களில் அதைவிட மோசமாக, இரவோடு இரவாக விஷம்.

கொங்குப் பட்டியிலும் படுகை வயலிலும் நடப்பது வேறு வேறாகத் தெரிந்தாலும் இரண்டிலும் இல்லாமல் போனது ஒன்றுதான்: இந்த விலங்குக்கு இவர் பொறுப்பு என்று ஊர் அறிய எழுதிவைத்த ஒரு வரி. கிராமங்களில் நாய் வளர்ப்புக்கும் கால்நடை வளர்ப்புக்கும் விதி வேண்டும் என்று சொன்னவுடன் அபராதத் தொகை எவ்வளவு என்ற பேச்சில்தான் எல்லாரும் இறங்குகிறார்கள். அபராதம் கடைசியில் வர வேண்டியது. ஊராட்சியில் ஒரு பதிவேடு முதலில் வர வேண்டும். எந்த வீட்டில் எத்தனை மாடு, எத்தனை ஆடு, எத்தனை நாய், எந்தத் தெரு நாய்க்கு எந்த வீடு சோறு போடுகிறது என்பது அதில் இருக்க வேண்டும். அப்படி எழுதிய நாளிலிருந்து வளர்ப்பவருக்கு ஒரு கடமை பிறக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்த விலங்குக்கு மேய்ச்சல் இடமும் தடுப்பூசியும் தரவேண்டிய கடமை ஊராட்சிக்கும் அரசுக்கும் பிறக்கிறது.

இது புதிதாக முளைத்த யோசனை அல்ல. 1871இல் வந்த கால்நடை அத்துமீறல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பயிரை மேய்ந்த கொண்டி மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டு என்னும் அடைப்பிடத்தில் சேர்க்க நிலத்துக்காரருக்கு அது உரிமை கொடுத்தது. மாட்டுக்காரர் தீனிச் செலவையும் தண்டத்தையும் கட்டி மீட்டுக்கொள்ள வேண்டும். கேட்டு யாரும் வராத மாட்டை அறிவிப்புக் கொடுத்து ஏலம் விடலாம். ஆட்டுக்கு ஓரணா, பசுவுக்கு நாலணா, எருமைக்கு எட்டணா, யானைக்கு இரண்டு ரூபாய் என்று தொகைப் பட்டியலே அந்தச் சட்டத்தில் இருந்தது. ஒட்டகம், குதிரை, கழுதை, பன்றிவரை கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் நாய் இல்லை. பயிர் மேயும் விலங்கைப் பற்றித்தான் அன்றைய அரசுக்குக் கவலை. ஆட்டைக் கடிக்கும் விலங்கு, பிள்ளையைக் கடிக்கும் விலங்கு அதன் எண்ணத்தில் வரவில்லை. அந்த இடைவெளி இன்றுவரை அடைபடவில்லை. இருந்த பவுண்டுகளும் பெரும்பாலான ஊர்களில் சுவர் இடிந்து, அந்த இடத்தில் வேறு கட்டடம் எழும்பி, சட்டம் மட்டும் புத்தகத்தில் நிற்கிறது. பயிரைத் தின்ற மாட்டைப் பிடித்தால் கொண்டுபோய் அடைக்க இடமில்லாதபோது, பிடித்தவரே குற்றவாளியாகி விடுகிறார்.

நாய்க்கு வந்த சட்டம் வேறு தடத்தில் வந்தது. 2001இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கு என்பது அதன் சாரம். 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் வெறிபிடித்த, மூர்க்கமான நாய்களைத் தவிர மற்றவற்றைத் திரும்ப விட வேண்டும் என்றுதான் தீர்ப்பளித்தது. மாநகராட்சிகள் தட்டுத்தடுமாறி இதைச் செய்கின்றன. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாகியிருக்கின்றன. ஆனால் ஒரு துப்புரவு வண்டியை ஓட்டவே திணறும் கிராம ஊராட்சிக்கு நாய் பிடிக்க ஆள் ஏது, அறுவை அரங்கம் ஏது? சட்டத்தின் பார்வையில் நாய் இரண்டே வகை: வளர்ப்பு நாய், தெரு நாய். கிராமத்தில் இருப்பதோ மூன்றாவது வகை. காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் கிடக்கும், மத்தியானம் இன்னொரு வீட்டில் மீந்த சோறு தின்னும், ராத்திரி தெருவையே காவல் காக்கும். குட்டி போட்டால் மட்டும் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாமல் போய்விடும். பாசத்தில் பங்கு கேட்கும் வீடுகள் பொறுப்பில் பங்கு கேட்பதில்லை. இந்த மூன்றாவது வகைக்கு ஊர் விதியைத் தவிர வேறு எந்த விதியும் பொருந்தாது.

இதில் உயிர் அடங்கியிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒன்றிய அரசின் கணக்குப்படி 2024இல் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் அதிகமான நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம். அதே ஆண்டில் இங்கே வெறிநோய்க்கு 43 பேர் பலியானார்கள். அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாத நோய் இது. அறிகுறி தெரியுமுன் ஊசி போட்டால் அநேகமாக யாரும் சாக வேண்டியதில்லாத நோயும் இதுதான். வெறிநாய்க் கடிக்கு மருந்து தயாரிக்கக் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது 1907இல். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மருந்து கையில் இருக்கும் மாநிலத்தில் இந்தச் சாவு ஒன்றுகூட நடக்கக் கூடாது. ஒரு வட்டாரத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எதில் 70 சதவீதம்? ஊரில் மொத்தம் எத்தனை நாய் என்றே தெரியாவிட்டால், முகாமுக்கு 40 நாய் வந்தது என்ற தகவலுக்கு ஒரு பொருளும் இல்லை. 50 நாய் இருக்கும் ஊரில் அது வெற்றி, 200 நாய் இருக்கும் ஊரில் அது கண்துடைப்பு. பதிவேடு வேண்டும் என்று நான் வலியுறுத்துவதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

எழுதிவைப்பது கிராமத்துக்கு ஒத்துவராது என்பவர்கள் பக்கத்து வீட்டுப் பசுவின் காதைப் பார்க்கட்டும். கோமாரித் தடுப்பூசித் திட்டத்தோடு சேர்த்து 12 இலக்க எண்ணுடன் மஞ்சள் வில்லை மாட்டியிருப்பார்கள். மாடு யாருடையது, எப்போது ஊசி போட்டது, எப்போது சினையானது என்பதெல்லாம் அந்த எண்ணில் ஏறியிருக்கிறது. கடனுக்கும் காப்பீட்டுக்கும் அந்த வில்லையைக் கேட்கிறார்கள். நெடுஞ்சாலையில் இரவில் படுத்துக் கிடக்கும் மாட்டின் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க மட்டும் அதை யாரும் பார்ப்பதில்லை. நெடுஞ்சாலைகளிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்ட பிறகாவது அந்த எண்ணுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் தீட்டும் கை, கழுத்துக் கயிற்றில் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒரு பட்டையைக் கட்டினால் இரவில் இருசக்கர வண்டியில் வருபவர் உயிர் தப்புவார், மாடும் தப்பும்.

சரி, பதிவேட்டோடு சேர்ந்து ஊர் விதியில் என்ன இருக்க வேண்டும்? சென்னையில் எழுதிய விதியை அப்படியே நகலெடுத்தால் பயனில்லை. பயிர்க் காலண்டர் ஊருக்கு ஊர் வேறு. படுகை ஊர் என்றால் பயறு விதைத்த நாளிலிருந்து அறுக்கும் நாள்வரை ஆடு மாடுகளைக் கட்டித்தான் மேய்க்க வேண்டும் என்று தேதி போட்டுக் கிராம சபையில் முடிவெடுத்து, தண்டோரா போட வேண்டும். மானாவாரி ஊர் என்றால் அந்தத் தேதி மாறும். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ள கொங்கு ஊர்களில் மாட்டைக் கட்டும் விதியைவிட நாயைப் பற்றிய விதிதான் அவசரம். அங்கே கோழிக் கடை, கறிக் கடைக் கழிவைச் சாலையோரத்திலும் குளத்துக் கரையிலும் கொட்டுபவரைப் பிடிப்பதே முதல் வேலை. ரத்த வாடைக்குப் பழகி, கூட்டமாகச் சுற்றக் கற்றுக்கொண்ட நாய், கழிவு கிடைக்காத இரவில் பட்டியைத் தேடிப் போகிறது. மூட்டை மூட்டையாகக் கழிவைக் கொட்டும் கடையை விட்டுவிட்டு, நாய்க்கு ஒரு கைச் சோறு வைக்கும் கிழவியின் மேல் பாய்வது நியாயமாகாது. பன்றி, கோழி, தெருவை ஒட்டிய சாணிக்குப்பை ஆகியவற்றைப் பற்றியும் விதி வேண்டும்தான். குடிநீர்த் தொட்டிக்கும் பள்ளிக்கும் தள்ளி வைக்க வேண்டும் என்ற அளவில் அது முடிந்துவிடும்.

இதற்கு வரும் மறுப்புகளில் மிக வலுவானது, விதி என்று வந்தால் அடிபடுவது நிலமில்லாதவர்தான் என்பது. இதை நான் லேசாக ஒதுக்கிவிட விரும்பவில்லை. சொந்த வயல் உள்ளவர் தன் மாட்டைத் தன் வரப்பில் கட்டிக்கொள்வார். நாலு ஆடு வைத்திருக்கும் கூலிக்காரப் பெண் எங்கே கட்டுவார்? 2011இல் ஏழைப் பெண்களுக்கு விலையில்லா ஆடுகள் நான்கு நான்காகக் கொடுக்கும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. ஆடு வந்தது, அது மேய ஒரு சாண் இடம் வரவில்லை. மேய்ச்சல் புறம்போக்கு என்று வருவாய்த் துறைப் பதிவில் இருக்கும் நிலங்களில் பல இன்று ஆக்கிரமிப்பில் இருக்கின்றன, அல்லது அரசே கட்டடம் கட்டியிருக்கிறது. குளத்து உள்வாயில் சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது. 2022இல் காடுகளில் கால்நடை மேய்க்கச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்து, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. மலைமாடு வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தடை இன்றும் கழுத்தில் சுருக்குத்தான். 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. இவற்றில் பெரும்பங்கு சிறு விவசாயிகள், நிலமற்றவர்கள் வீட்டுச் சொத்து. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் விற்கும் சொத்து. ஆகவே, மேய்ச்சல் நிலத்தை அளந்து கல் நட்டு மீட்டுக் கொடுக்காத ஊராட்சிக்கு, ஆட்டை அவிழ்த்துவிட்டதற்காகத் தண்டம் வசூலிக்கும் தார்மிக உரிமை கிடையாது. இந்த நிபந்தனையை விதியின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். பதிவேடு இங்கேயும் ஏழைக்குத்தான் துணை. ஊரில் 600 ஆடு இருக்கிறது என்ற எண் எழுத்தில் இருந்தால், இத்தனை ஏக்கர் மேய்ச்சல் நிலம் வேண்டும் என்ற கோரிக்கையை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

இதோடு ஒட்டிய இன்னொரு அச்சம் சாதியைப் பற்றியது. ஊர்க் கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே பல தெருக்களில் மக்களுக்கு வயிறு கலங்கும். காரணம் இல்லாமல் இல்லை. மேல்தெரு மாடு காலனி வயலை மேய்ந்தால் பேச்சோடு போகும், காலனி ஆடு மேல்தெரு வயலை மேய்ந்தால் ஊர்க்கூட்டம் கூடும், தண்டம் விதிக்கப்படும், ஆட்டைப் பிடித்துக் கட்டி வைப்பார்கள். எழுதாத விதியின் ஆபத்து இதுதான். எழுதாத விதி ஏற்கெனவே எல்லா ஊரிலும் இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறுகிறது. கிராம சபையில் எல்லாத் தெருக்காரர்களும் இருக்கும்போது வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, தொகையையும் குறித்து, தண்டத்துக்கு ஊராட்சி ரசீது கொடுத்து, பணத்தை ஊராட்சிக் கணக்கில் மட்டும் சேர்த்தால் அந்த ஆபத்து குறையும். அடியோடு போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரசீது இல்லாமல் தண்டம் கேட்டவர் மேல் புகார் கொடுக்கவாவது ஏழையின் கையில் ஒரு காகிதம் இருக்கும். தனியாள் யாரும், ஊர்ப் பெரியவர் என்ற பெயரில் யாரும், இந்தத் தண்டத்தை வசூலிக்கக் கூடாது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும்.

"இத்தனை சுற்று எதற்கு, நாய்களை ஒழித்துவிட்டால் தீர்ந்தது" என்பவர்களும் இருக்கிறார்கள். 30 ஆட்டை ஒரே இரவில் பறிகொடுத்தவர் வாயிலிருந்து அது வரும்போது அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வழி பலன் தராது. கழிவு கிடக்கும் இடத்தில் பழைய நாய் போனால் பக்கத்து ஊர் நாய் வந்து நிரப்பும், ஊசி போடாத நாயாக வரும். விஷம் வைத்தால் காவல் நாயும் கோழியும் காக்கையும் சேர்ந்து சாகும். விலங்கைக் கொல்வதும் ஊனமாக்குவதும் பாரதிய நியாய சம்ஹிதையின் 325ஆம் பிரிவுப்படி ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதே சட்டத்தின் 291ஆம் பிரிவு, தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத அலட்சியத்துக்கு ஆறு மாதம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம் என்கிறது. இந்தப் பிரிவு அநேகமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. தன் விலங்கு என்று நிரூபித்தால்தானே அலட்சியம் என்று சொல்ல முடியும்? பதிவேடு வந்தால் அந்தப் பிரிவு கண் விழிக்கும். ஆட்டுப் பட்டிகளைத் தாக்கிப் பழகிய கூட்டத்தைப் பொறுத்தவரை, அவற்றை மூர்க்கமான நாய்களாகக் கணக்கில் எடுத்துக் காப்பகத்தில் வைக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இடம் தருகிறது. ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு காப்பகமும் கருத்தடை மையமும் அமைப்பது மாநில அரசின் வேலை. அதை ஊராட்சித் தலையில் கட்டக் கூடாது.

தோட்டத்துக் காவல் நாயை ராத்திரியில் கட்டிப் போட்டால் காவல் எப்படி நடக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தோட்டத்து வேலிக்குள் அவிழ்ந்து திரியட்டும், வேலிக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவர் பொறுப்பு. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் காவலுக்குப் பேர்போனவை. அவற்றை வளர்க்கும் வீடுகள் கழுத்துப் பட்டையில் ஓர் எண்ணும் ஆண்டுக்கொரு ஊசியும் கேட்டால் சுணங்கப் போவதில்லை. திண்ணை நாய் விஷயத்தில்தான் சிக்கல். சோறு போடும் வீடுகளின் பெயரை எழுதினால் யாரும் சோறு போட மாட்டார்கள், நாய் பட்டினியில் வெறிகொள்ளும் என்று ஒரு வாதம் இருக்கிறது. அதனால்தான் பதிவுக்குக் கட்டணம் கூடாது, முதல் இரண்டு ஆண்டுக்குத் தண்டமும் கூடாது என்கிறேன். அந்த வீட்டிடம் கேட்பது ஒன்றே ஒன்று: ஊசி போடும் நாளில் நாயைப் பிடித்துக் கொண்டுவா. வேற்றாள் வலை வீசிப் பிடிக்க முடியாத நாயை, தினம் சோறு வைக்கும் கை ஒரு நிமிடத்தில் பிடித்துவிடும்.

பணம் எங்கே என்ற கேள்விக்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை. கடிபட்டவர் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நாலு தடவை ஊசிக்குப் போக வேண்டும். ஊசி இலவசம்தான், ஆனால் நாலு நாள் கூலி போகிறது. காயம் ஆழமென்றால் விலை கூடிய இம்யூனோகுளோபுலினும் வேண்டும். நாய்க்குப் போடும் ஓர் ஊசி இதில் சிறு பங்குகூட ஆகாது. உலக விலங்குவழி நோய் நாளான ஜூலை 6, உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28 ஆகியவற்றை ஒட்டிக் கால்நடை மருந்தகங்களில் இலவச முகாம்களும் நடக்கின்றன. அந்த முகாம்களை மருந்தகத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

மாநிலத்தின் 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் இல்லை என்பதற்காகக் கிராம சபை நின்றுவிடுவதில்லை. குடியரசு நாள், மார்ச் 22, மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூட வேண்டும். ஆடு வைத்திருப்பவர், பயறு விதைத்தவர், நாய்க்குச் சோறு வைப்பவர் மூவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, கால்நடைப் பதிவேட்டையும் மேய்ச்சல் புறம்போக்கு அளவீட்டையும் அடுத்த கூட்டத்தின் பொருளில் சேர்க்கச் சொல்லி ஊராட்சிச் செயலரிடம் ஒரு மனு கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.